வெள்ளாட்டின் சிறுநீர் காபி நிறத்தில் போவது ஏன்?

கேள்வி: குடற்புழுவுக்காக மயில்துத்தம் கலந்த நீரை மூன்று மாதங்களாக அவ்வப்போது கொடுத்தும், மாடுகளுக்கான தாது உப்பைத் தீவனத்தில் சேர்த்தும் வந்தேன். நேற்று ஒரு சினை ஆடு திடீரெனத் தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டது; கண் மஞ்சளாகவும் சிறுநீர் காபி நிறத்திலும் உள்ளன. இரத்தசோகை என்று இரும்புச் சத்து டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம், இன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் தாமிர நஞ்சேற்றம் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட்தான். மாட்டுத் தாது உப்பிலும் தாமிரம் உண்டு. இப்படி இரு வழிகளில் சேரும் தாமிரம் வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் கல்லீரலில் தேங்கி, சினை, பட்டினி, நீண்ட பயணம் போன்ற அயர்ச்சி ஏற்படும்போது மொத்தமாக இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடைந்த அணுக்களிலிருந்து வெளியாகும் ஹீமோகுளோபின்தான் சிறுநீரைக் கருஞ்சிவப்பாக்குவதோடு சிறுநீரகத்தையும் பழுதாக்குகிறது. இரத்தம் குறைவது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் இரும்புப் பற்றாக்குறை அல்ல.

குடற்புழுவால் வரும் சோகையில் கண்ணின் உள்இமை வெளிறும், தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும். சிறுநீர் நிறம் மாறாது. சிறுநீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள்: அடியில் சிவப்பாகப் படிந்து மேலே தெளிந்தால் அது சிறுநீர்ப்பாதை இரத்தக்கசிவு, முழுவதும் ஒரே நிறமாக நின்றால் இரத்தச் சிவப்பணுச் சிதைவு என்று கொள்ளலாம். உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி நிகழ்வதால், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப் பூச்சுப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

மயில்துத்தத்தையும் மாட்டுத் தாது உப்பையும் இப்போதே நிறுத்துங்கள். பார்வைக்கு நலமாக உள்ள ஆடுகளின் கல்லீரலிலும் தாமிரம் தேங்கியிருக்கக்கூடும். நெருக்கடி வரும் வரை இரத்தத் தாமிர அளவு இயல்பாகவே தெரியும் என்பதால், அவற்றுக்குக் கல்லீரல் நொதிப் பரிசோதனை செய்வதே பயன் தரும். அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் தயோசல்பேட்டும் தாமிரத்தைப் பிணைத்து வெளியேற்றுபவை. அளவு மிஞ்சினால் தாமிரக் குறைபாடு உண்டாகி அதனாலும் சோகை வருமாதலால், மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவிலேயே கொடுங்கள். அதுவரை ஆடுகளை இடம் மாற்றவோ பட்டினி போடவோ வேண்டாம். செம்மறிகளையும் சேர்த்து வளர்த்தால் அவற்றை முதலில் கவனியுங்கள். வெள்ளாட்டைவிட அவை மிகக் குறைந்த தாமிரத்துக்கே பலியாகும்.