மகாபொலவும் பேர்சரியும்: ரீச்சரிடம் கேளுங்கள்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளிவந்த பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, கம்பஸ் போகும் பிள்ளைகளுக்கான உதவிக் காசைப் பற்றியவை. பாடத்தெரிவு, விடுதி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இம்முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரீச்சர், என் மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கம்பஸ் போகும் முதல் பிள்ளை. நான் கடற்றொழில். மகாபொல எடுக்க வருமானம் காட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சம்பளத் துண்டு இல்லை. ஒரு நாள் கை நிறைய வரும், பிறகு ஒரு கிழமைக்கு ஒன்றும் வராது. எதைக் காட்டுவது? படித்து முடித்த பிறகு மகள் இந்தக் காசைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?
— ஒரு தந்தை, திருக்கடலூர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கட்டத் தேவையில்லை ஐயா. மகாபொல புலமைப்பரிசில், அதைக் கடனாக யாரும் எழுதி வைப்பதில்லை. ‘வாங்கினால் பிறகு கழுத்தைப் பிடிப்பார்கள்’ என்று பயந்து விண்ணப்பிக்காமலே விட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குப் பாடக்கட்டணம் கிடையாது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலன் அது. ஆனால் பிள்ளை அங்கே போய்ச் சாப்பிட வேண்டும், அறைக்கு வாடகை கொடுக்க வேண்டும், போட்டோகொப்பி எடுக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு பஸ் ஏற வேண்டும். அந்தச் செலவுக்குக் கைகொடுக்கத்தான் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் மகாபொல நம்பிக்கை நிதியம் உருவானது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி முன்னின்று செய்த வேலை. பஸ் நிலையத்தில் விற்கிறார்களே அபிவிருத்தி லொத்தர்ச் சபையின் சீட்டு, அதன் இலாபத்தில் ஒரு பங்கு இந்த நிதியத்துக்குப் போகிறது, அதோடு அரசின் பணமும் சேர்கிறது. பல வருடங்களாக மாதம் 5000 ரூபாவாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ஆக்கினார்கள். வருடத்துக்குப் 10 தவணைதான் வரும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். 2025இன் அந்தத் தொகைப்படி வருடத்துக்கு 75,000 ரூபா. அது எல்லாச் செலவுக்கும் போதாது, ஆனாலும் சாப்பாட்டுக் காசில் ஒரு நல்ல பங்கைத் தாங்கும்.

சரி, வருமானத்துக்கு வருவோம். கேட்பது வருட வருமானம். நல்ல நாளில் வந்த மீனை வைத்து 365ஆல் பெருக்கி யாரும் கணக்குப் போடக் கூடாது, நீங்களும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். விதானையார், அதாவது கிராம உத்தியோகத்தர், ‘ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?’ என்று கேட்டால், மானத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நல்ல நாளின் கணக்கைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களைச் சொல்லுங்கள். எண்ணெய்க் காசு, வலை திருத்தும் காசு, வள்ளம் உங்களுடையது இல்லை என்றால் வள்ளக்காரருக்குப் போகும் பங்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர் என்றால் அவர்களிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கிறது என்றால் அதன் அத்தாட்சியும் கையில் இருக்கட்டும். கிராம உத்தியோகத்தர் எழுதித் தருவதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கடைசி நாளுக்கு முதல் நாள் போகாதீர்கள். வருமான எல்லை அந்தந்த வருட அறிவித்தலில் அச்சாகி வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன்னர் சொன்ன எல்லையை நம்பி ‘எங்களுக்குக் கிடைக்காது’ என்று இருந்துவிட வேண்டாம்.

இன்னொன்று, வீட்டில் படிக்கிற மற்றப் பிள்ளைகளின் விபரத்தை விடாமல் நிரப்புங்கள். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் வருகிற அதே வருமானத்துக்குப் பெறுமதி வேறு.

என் மகனுக்கு மகாபொல பட்டியலில் பெயர் இல்லை. அவனோடு படித்த பிள்ளைக்கு வந்திருக்கிறது. இரண்டு வீடும் ஒரே மாதிரிக் கஷ்டம்தான். இது என்ன நியாயம்? இனி ஒன்றும் செய்ய முடியாதா?
— ஒரு தாய், கிண்ணியா

செய்யலாம் அம்மா, இன்றைக்கே செய்யலாம். மகாபொல கொடுக்கும் எண்ணிக்கைக்கு அளவு உண்டு. உயர்தரப் பெறுபேற்றில் மேலே நிற்பவர்களுக்குத் திறமை அடிப்படையில் ஒரு பகுதி போகும், மற்றது வீட்டு நிலைமையைப் பார்த்துக் கொடுப்பது. கோடு கீறும் இடத்தில் ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை வெளியே நிற்பது நடக்கத்தான் செய்கிறது. உங்கள் மனம் நோவது எனக்கு விளங்குகிறது.

ஆனால் மகாபொல கிடைக்காத பிள்ளைக்கென்றே பேர்சரி என்ற உதவிப்பணம் இருக்கிறது. திறைசேரிப் பணம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பிள்ளையின் கைக்குப் போகும். மாதம் 4000 ரூபாவாக இருந்தது, அதே 2025இல் 6500 ஆனது. மகாபொலவுக்கும் இதற்கும் மாதம் 1000 ரூபாதான் வித்தியாசம்! என்னிடம் வரும் பெற்றோரில் பலருக்குப் பேர்சரி என்ற சொல்லே புதிது. ‘மகாபொல இல்லை’ என்றவுடன் கதவு மூடிவிட்டது என்று நினைத்து, பிள்ளையை வார இறுதியில் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மகன் தன் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன்புரிப் பிரிவுக்குப் போய், பேர்சரி விண்ணப்பம் எப்போது கோருவார்கள் என்று கேட்கட்டும். அறிவித்தல் பலகையில் ஒரு சின்னத் தாளாகத்தான் தொங்கும். புதுமுக மாணவர்கள் வகுப்பைத் தேடி ஓடும் கிழமைகளில் அது கண்ணில் படாமல் போய்விடும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. ஆனால் இரண்டும் இல்லாமல் ஒரு ஏழைப்பிள்ளை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அம்மா குவைத்தில் வேலை. அனுப்பும் காசைப் படிவத்தில் காட்ட வேண்டுமா? காட்டாவிட்டால் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார்.
— மாணவி, சாம்பல்தீவு

காட்ட வேண்டும் தங்கச்சி. பொய் விபரம் பிடிபட்டால் உதவியை நிறுத்திவிட்டு வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள், அந்த நேரம் அந்த ‘ஒருவர்’ பக்கத்தில் இருக்க மாட்டார். அம்மா வெளிநாடு போக எடுத்த கடனை இன்னும் கட்டுகிறீர்கள் என்றால் அதை எழுதி, பற்றுச்சீட்டை இணைத்து விடு.

நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். மகாபொல கிடைத்ததாகப் பெயர் வந்து நாலு மாதம், காசு ஒரு சதம் வரவில்லை. வீட்டில் கேட்க வெட்கமாக இருக்கிறது.
— மாணவன், பாலையூற்று

தம்பி, முதல் தவணை பிந்துவது புதிதில்லை, பிந்தினாலும் நிலுவையைச் சேர்த்துப் போடுவார்கள். ஆனால் பேசாமல் காத்திருக்காதே. காசு எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால் எங்கே தடைப்பட்டது என்று கேட்கலாம். நீ பதிவு செய்து வகுப்புக்கு வருகிறாய் என்று பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும், அதன் பிறகுதான் உன் வங்கிக் கணக்குக்குப் பணம் விழும். ஆகவே முதலில் நலன்புரிப் பிரிவில் உன் பெயர் அனுப்பப்பட்டதா என்று பார். அடுத்தது வங்கிப் புத்தகம். நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் அதிகம் சிக்கல் வரும், ஏனென்றால் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், வங்கியில் முதலெழுத்து மட்டும் இருக்கும், உயர்தரச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். கணக்கிலக்கத்தில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் கதை அதேதான்.

என் காலத்தில் என் விண்ணப்பம் ஓர் அலுவலக மேசையில் மாதக்கணக்காகக் கிடந்தது. நான் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்தேன். அம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்து அனுப்பிய காசில் அந்த மாதங்களை ஓட்டினேன். நேரே போய்க் கேட்டிருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நீ நாளைக் காலை போ. யாரிடம் கேட்டாய், என்ன திகதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வை. வீட்டிலும் சொல், அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வகுப்பு வரவையும் கவனி. வரவு குறைந்தாலோ, சோதனையில் தவறினாலோ, ஒழுக்க நடவடிக்கையில் மாட்டினாலோ தவணை நிற்கும்.

தங்கச்சிக்கு வெட்டுப்புள்ளி 0.04ஆல் தவறிவிட்டது. வட்டியில்லாக் கடன் எடுத்து கொழும்பில் தனியார் பட்டப்படிப்புக்கு அனுப்பலாமா? எடுத்தால் அரசு பிறகு தள்ளுபடி செய்யும் என்றும் கேள்விப்பட்டேன்.
— அண்ணன், மூதூர்

தள்ளுபடி என்ற எண்ணத்தை முதலில் எடுத்துவிடுங்கள் தம்பி. இது கடன். 2017இல் தொடங்கிய திட்டம், உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அங்கீகாரம் பெற்ற அரசு சாரா நிறுவனத்தில் பட்டம் படிக்க வங்கி ஊடாகக் கொடுப்பது. வட்டியை அரசு கட்டும், முதலைத் தங்கச்சி படிப்பு முடிந்த பிறகு தவணையாகக் கட்ட வேண்டும், அதற்குப் பிணையாளிகளும் வேண்டும். இடையில் படிப்பை விட்டாலும் கடன் விடாது.

நல்ல திட்டம்தான், ஆனால் மூதூரில் இருந்து யோசிக்கும்போது இரண்டைப் பாருங்கள். இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்புப் பக்கம், அங்கே அறை வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் பாடக்கட்டணத்துக்கு வெளியே இன்னொரு பெருந்தொகை வரும். அப்புறம் படிப்பு ஆங்கிலத்தில். தங்கச்சி ஆங்கிலத்தில் எப்படி என்று அவளிடமே மனம் விட்டுக் கதையுங்கள்.

0.04 என்றால் நான் அவளை இன்னொரு தடவை எழுதச் சொல்வேன். மூன்று தடவை எழுத இடம் உண்டு. திருகோணமலை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று என்பதால் மாவட்ட ஒதுக்கீட்டோடு அந்த மாவட்டங்களுக்கென்றே வைத்திருக்கும் 5 வீத விசேட ஒதுக்கீட்டிலும் நமக்குப் பங்கு இருக்கிறது. இவ்வளவு கிட்ட வந்த பிள்ளைக்கு அது சின்ன விடயம் இல்லை. இடையில் திருகோணமலையிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் முழுநேர டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கலாம், அதற்குப் பாடக்கட்டணம் இல்லை. ஆசிரியத் தொழிலில் விருப்பம் என்றால் மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளின் வர்த்தமானி அறிவித்தலையும் பார்த்துக்கொண்டிருங்கள். இவற்றுக்கும் சரிவராவிட்டால் கடனைப் பற்றி யோசிப்போம், அப்போது திரும்ப எழுதுங்கள்.

படிவத்தில் தந்தையின் தொழில், வருமானம், அல்லது மரணச் சான்றிதழ் என்று கேட்டிருக்கிறது. எனக்கு ஒரு வயதாக இருக்கும்போது அப்பா காணாமற்போனார். மரணச் சான்றிதழ் எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. எடுக்கச் சொல்லி அம்மாவைக் கேட்க எனக்கு மனமில்லை. நான் என்ன எழுதுவது?
— மாணவி, சம்பூர்

கேட்காதே மகள். இந்தப் படிவத்துக்காக அம்மா அந்தக் கையெழுத்தைப் போடத் தேவையில்லை.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பதிவாளர் ஊடாக வழங்க 2016இல் சட்டம் வந்திருக்கிறது. அம்மா அதை ஏற்கனவே எடுத்திருந்தால் அதன் பிரதியை இணை. எடுக்கவில்லை என்றால், அது மரணச் சான்றிதழ் இல்லை என்பதை அம்மாவுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்து. அதற்கும் மனம் வரவில்லை என்றால் அப்படியே விடு. கிராம உத்தியோகத்தரிடம் போய், அப்பா எந்த வருடத்தில் இருந்து வீட்டில் இல்லை, வீட்டுச் செலவை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு கடிதம் கேள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ, காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஆணைக்குழுக்களில் பதிந்த துண்டோ அம்மாவின் பெட்டியில் இருக்கும், அதையும் ஒரு பிரதி எடு, மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதே.

படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘காணாமற்போனவர்’ என்றும், வருடத்தையும் எழுது. வருமானம் என்ற இடத்தில் அம்மா இடியப்பம் அவித்து விற்றாலும் கூலிக்குக் களை பிடுங்கினாலும் அதை எழுது. இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணைக்கலாம். பிரதேச செயலகத்தில் யாராவது மரணச் சான்றிதழ்தான் வேண்டும் என்று நின்றால், அதை எழுத்தில் கேட்டு வாங்கி, உன் பல்கலைக்கழக நலன்புரிப் பிரிவில் காட்டு. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை முந்தி அனுப்பினால் நல்லது.