பல ஊர்ச் சனம் குடியேறிய இடத்தில் ஒற்றுமையை எதில் தொடங்குவது?

திருகோணமலைப் பக்கம் புதுக் குடியிருப்பு, 40 குடும்பங்கள். சிலர் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள், சிலர் மலையகப் பூர்வீகம், சிலர் கடற்றொழில், நாலைந்து முஸ்லிம் வீடுகள். ஆளுக்காள் பேச்சில்லை, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோயில் திருவிழாவில் தொடங்காதீர்கள். யாருக்கு முதல் மரியாதை என்று முதல் வருடமே உடையும். மரண உதவிச் சங்கத்தில் தொடங்குங்கள். செத்தவீட்டு வாசலில் பகையாளியும் வந்து நின்றுவிட்டுத்தான் போவான். எந்த ஊர்ச் சனத்துக்கும் அது பொது.

சந்தா மாதம் 200 என்றால் வருடம் 2,400. ஆனால் இங்கே அதை மாதாமாதம் வாங்கக்கூடாது. வாடைக்காற்று தொடங்கினால் கடல் அடிக்கும், சின்ன வள்ளங்கள் கரையேறிவிடும். அப்போது சந்தா நின்றால் 'ஏமாத்துறாங்கள்' என்று கதை கிளம்பும், வெட்கத்தில் குடும்பமே விலகும். பங்குனியிலிருந்து ஐப்பசி வரை எட்டு மாதம் 300 வீதம் வாங்குங்கள். மாரியில் வாயே திறக்க வேண்டாம். கணக்கு அதே 2,400தான். 40 வீட்டுக்கு 96,000. ஒரு மரணத்துக்கு 30,000 கொடுத்தால் வருடம் மூன்றைத் தாங்கும், 6,000 மிஞ்சும். நான்காவது வந்தால் மற்ற 39 வீடும் 650 போட வேண்டும் என்று யாப்பிலேயே எழுதிவிடுங்கள். இழவு விழுந்த பிறகு கூடிப் பேசினால் யாரும் போடமாட்டார்கள்.

ஒரு மரணத்துக்கான 30,000 எப்போதும் காசாகக் கையில் இருக்கட்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் சனி ஞாயிறிலும் அநேகமான வங்கி பூட்டு. முஸ்லிம் வீட்டில் கூடியவரை அன்றே அடக்கம், காத்திருக்க முடியாது. பெட்டி ஒருவரிடம், திறப்பு இன்னொருவரிடம். மிச்சம் கூட்டுக் கணக்கில், மூவரில் இருவர் கையெழுத்தோடு.

அங்கத்தவர் பெயரை வீட்டுத் தலைவன் பெயரில் எழுதாதீர்கள். அவர் கட்டாரில் நின்றால் அந்த வீடு கூட்டத்துக்கே வராது. இங்கிருக்கும் பெண்ணின் பெயரில் எழுதுங்கள். யார் யாருக்குக் கொடுப்பது என்பதையும் பெயர் பெயராகக் குறியுங்கள். மகளைப் பார்க்க வந்து நின்ற தாய் மோசம்போனால் கொடுப்பதா இல்லையா என்பதுதான் அநேகமாக முதல் சண்டை.

காசைவிட முக்கியம் வேலைப் பங்கீடு. பத்து வீடு ஒரு ஒழுங்கை என்று நாலாகப் பிரியுங்கள். ஒன்று பந்தலும் கதிரையும். ஒன்று சமையல்: இழவு வீட்டில் அடுப்பு மூட்டாததால் மூன்று நேரமும் வெளியிலிருந்து போக வேண்டும், தேத்தண்ணி உட்பட. ஒன்று கிராம உத்தியோகத்தரிடமும் மரணப் பதிவாளரிடமும் ஓட. ஒன்று கிடங்கு வெட்ட, அல்லது விறகுக்கு. ஒவ்வொரு மரணத்துக்கும் முறை மாற வேண்டும். மாற்றாவிட்டால் கிடங்கு வெட்டுவது எப்போதும் அதே நாலு வீட்டு ஆண்களின் தலையில்தான் விழும், ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். சங்கம் உள்ளே உக்கத் தொடங்குவது அங்கேதான். எரிப்பதா புதைப்பதா, பறை அடிப்பதா என்பதில் மட்டும் சங்கம் வாய் வைக்கக்கூடாது. அது வீட்டாருடைய முடிவு.

பெட்டியில் காசு சேர்ந்ததும் மகனை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டவென்று கடன் கேட்டு ஒருவர் வருவார். பாவம்தான், ஆனாலும் கொடுக்காதீர்கள். அதற்குப் பத்துப் பேர் தனியாகச் சீட்டுப் பிடிக்கட்டும்.