குடியிருப்போர் நலச் சங்கத்தில் சேர்வதால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

உண்டு. ஆனால் சங்கம் ஒழுங்காக வேலை செய்தால் முதலில் மாட்டப்போவது நீங்களாகவே இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது.

நாகர்கோவில் ஓரத்தில், சானல்கரையை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். (வெளியூர்க்காரர்களுக்கு: சானல் என்றால் டிவி சானல் இல்லை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் பாசனக் கால்வாய்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) மொத்தம் 62 வீடு. முதல் நான்கு தெரு மாநகராட்சி, கடைசி இரண்டு தெரு ஊராட்சி. நான்கு வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் சங்கம் நடத்துவதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு ஊர் இருக்கிறது. ஊர்க் கமிட்டிக்கு வரி, கோயில் கொடைக்கு வரி. கத்தோலிக்கர் என்றால் பங்கு (ஆலயத்தைச் சேர்ந்த மக்கள்), அதற்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியம். மனை வாங்கி இங்கே வந்த பிறகும் மனசும் வரியும் அங்கேதான் போகும். ஊர் வரி பாக்கி வைத்தால் வீட்டுக் கல்யாணத்தில் கேள்வி வரும். சங்கச் சந்தா நூறு ரூபாய் பாக்கி வைத்தால் என்ன வந்துவிடும்? கூட்டம் கூட்டுவதும் லேசு இல்லை. ஞாயிறு காலை பாதிப் பேர் ஆலயத்தில் இருப்பார்கள். மதியம் மீன்கறிச் சோறு சாப்பிட்டுப் படுத்தவர்களை எழுப்ப முடியாது. ஆகவே ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. சுக்குக்காப்பியும் பழம்பொரியும் உண்டு என்று வாட்ஸ்அப்பில் போட்டால் பதினைந்து பேர் வருவார்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் அங்கிருந்தே கட்டைவிரல் காட்டுவார்கள்.

2021 நவம்பர் மழை வெள்ளத்துக்குப் பிறகு வைத்த கூட்டத்துக்கு மட்டும் நாற்காலி போதவில்லை. மூன்றாவது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வீட்டுக்குள் சேறு. எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: சானலைத் தூர்வாரவில்லை, அதனால்தான். நானும் ஆவேசமாக ஒரு மனு எழுதி, ஐம்பது கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து ஓர் அலுவலர் நேரில் வந்தார். கரையோரம் என்னோடு நடந்தார். தூர் பற்றி ஒன்றும் பேசவில்லை, விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில், "சார், பத்தொன்பது குழாய் சானலுக்குள்ள விட்டிருக்கீங்க. மொதல்ல இதை எடுங்க" என்றார்.

குளியலறைத் தண்ணீர், அடுக்களைத் தண்ணீர் எல்லாம் அந்தக் குழாய்களில்தான் போகிறது. அதில் ஒன்று என் வீட்டுடையது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். வீடு கட்டும்போது கொத்தனார், "எல்லாரும் இப்படித்தான் விடுவாங்க" என்றார். நானும் சரி என்றுவிட்டேன்.

எனக்கு உண்மையில் தெரியாத விஷயம் வேறு. வழக்கமாக ஜூனில் அணையைத் திறப்பார்கள், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவமும் முடிய பிப்ரவரி கடைசி வாக்கில் அடைப்பார்கள். அடைத்த பிறகு சானலில் தேங்கி நாறுவது நம் வீட்டுத் தண்ணீர்தான், கொசுவும் அதில்தான். தூர்வாரவும் அந்தக் காய்ந்த மாதங்களில்தான் முடியும். நவம்பரில் தண்ணீர் கரைபுரண்டு ஓடும்போது தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தால் யார் என்ன செய்வார்கள்? ஜனவரியிலேயே கொடுக்க வேண்டும். அதையும் நீர்வளத் துறையிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் அதுவரை மாநகராட்சி வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் குழாய்ப் பேச்சு வந்ததும் பேரமைதி. எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செயலாளர் வீட்டுக் குழாயிலிருந்து ஆரம்பிப்போமே" என்றார். "அதுதான் முறை டீச்சர்" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. வீட்டுக்காரி ஒரு வாரம் சிரித்தாள்.

பின்பக்கம் குழி தோண்டி, உறை இறக்கி உறிஞ்சுகுழி வைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், சானல்கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் ஐப்பசி மழையில் அது நிரம்பித் ததும்பும். ஆனாலும் குழாயை அடைத்ததை நான்கு பேர் பார்த்தார்கள். பதினான்கு மாதத்தில் பதினொன்று அடைபட்டது. பாக்கி எட்டு. அதில் இரண்டு கமிட்டி உறுப்பினர்களுடையவை. "மேலே உள்ள ஊர்க்காரங்க விடுறாங்களே, அவங்களை மொதல்ல கேளுங்க" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமே இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பூங்கா விவகாரமும் இப்படித்தான். அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளில் சாலையையும் பொதுத் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பூங்காவுக்கு என்று கிடந்த எங்கள் திறந்தவெளியில் ஒருவர் வேலி போட்டுத் தென்னம்பிள்ளை வைத்திருந்தார். யாருடைய இடம் என்று யாருக்கும் நிச்சயமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி வரைபட நகலும் பத்திர நகலும் கேட்டோம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், கொஞ்சம் தாமதமாக வந்தது. பொது இடம்தான். வேலி போனது. அவர் மகள் கல்யாணத்துக்குத் தெரு முழுக்க அழைப்பு, எனக்கு மட்டும் இல்லை. இதையும் பயன் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

ஊராட்சித் தெருக்காரர்களுக்கு வேலை சுலபம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. போய் உட்கார்ந்து, கேட்டதைத் தீர்மானமாக எழுத வைத்துவிட்டு வந்தால் போதும். தெருவிளக்கு அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. மாநகராட்சிப் பக்கத்தில் எங்களுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஏழு பேர் இருந்தால் போதும், 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில்தான் பல சங்கங்கள் படுத்துவிடுகின்றன. எங்கள் டீச்சர் மாதிரி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது செயலாளர் வேறு ஒரு தம்பி. பாக்கி எட்டுக் குழாய் பற்றி வரும் ஞாயிறு கூட்டம். பழம்பொரிக்குச் சொல்லியாயிற்று.