குடியை விட்டபின் மச்சான் மேல் வரும் அருவருப்பு

குடியை விட்டு மூன்று வருஷம், பெங்களூர் அல்சூரில் வாராவாரம் பஜனை. ஆனால் குடிக்கும் மச்சானோடு ஒரே பந்தியில் உட்காரவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வந்தது சார் இது. சிகரெட்டை விட்ட புதிதில் டீக்கடையில் புகைப்பவர்களை முறைத்துக்கொண்டு நிற்பேன்.

தொண்டரடிப்பொடியாழ்வாரைப் பாருங்கள். தேவதேவி என்ற தாசியிடம் மயங்கிக் கிடந்த விப்ரநாராயணர்தான் அவர் என்கிறது வைணவ ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரைக் கதை. திருந்தியவருக்கு நிலைத்த பெயரோ அடியார்களின் கால்தூசி! 45 பாசுரங்கள் கொண்ட தம் 'திருமாலை' நூலில், சூதும் களவுமாய்த் திரிந்த காலத்தை அவரே மறைக்காமல் பாடுகிறார். நாமோ அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறோம்.

மச்சானிடம் பஜனையைப் பற்றிப் பேசியது போதும். நீங்கள் குடித்துவிட்டு விழுந்த கதையைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அப்புறம், புத்திமதியை மட்டும் இலையில் வைக்காதீர்கள்.