கனடா டிவில உள்ளூர் கோட்டா, இது சென்சாரா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, என்ர மூத்த மகன் யூனிவர்சிட்டியில படிக்கிறான். டிவி ஸ்டேஷன்கள் இவ்வளவு நேரம் கனடா நிகழ்ச்சிதான் போடவேணும் எண்டு சட்டம் வச்சிருக்கிறது சென்சார்ஷிப் தானே எண்டு கேக்கிறான். நான் இலங்கையில பேப்பரில சென்சார் பண்ணி வெள்ளையா விட்ட இடங்களைப் பாத்து வளந்தனான். எனக்கு இது அப்பிடித் தெரியேல்லை, ஆனா அவனுக்கு பதில் சொல்லவும் தெரியேல்லை. ஆர் சரி?
(ஸ்கார்பரோ வாசகி ஒருவர்)

பதில்: தங்கச்சி, உங்க பையன் கேட்டது சும்மா தள்ளிவிடுற கேள்வி இல்ல, கனடாவுல அறுபது வருஷமா இதுக்காக மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா வெள்ளையா விட்ட கட்டத்த பாத்து வளந்த உங்க கண்ணுக்கு பட்டதுதான் சரின்னு நான் சொல்வேன்.

முதல்ல இந்த ரூல் ஏன் வந்துச்சுன்னு பாருங்க. கனடா ஜனங்கள்ல பத்துல ஒம்பது பேர் அமெரிக்க பார்டர்ல இருந்து 160 கிலோமீட்டருக்குள்ளதான் குடியிருக்காங்க. 1952ல கனடாவோட பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி டிவி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டொராண்டோ பக்கம் செட்டு வாங்கி வச்சுட்டு, ஆண்டெனாவ பஃபலோ பக்கம் திருப்பி அமெரிக்க நிகழ்ச்சி பாத்துட்டு இருந்தாங்க. அதுக்கும் முன்னாடி ரேடியோ காலத்துலயே, 1932ல, கிரகாம் ஸ்ப்ரைன்னு ஒருத்தர் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி போய் ஒண்ணு நம்ம அரசாங்கம் இல்லன்னா அமெரிக்கா, ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொன்னாரு. நான் இங்க வந்த முதல் வருஷம் பேஸ்மென்ட்ல ஒரு பழைய டிவி இருந்துச்சு, எது கனடா சேனல் எது அமெரிக்க சேனல்னே புரியாது, வெதர் சொல்றப்ப செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு வச்சுதான் கண்டுபிடிப்போம். அவ்ளோ ஒண்ணா கலந்து கிடந்துச்சு.

இதுக்கு காரணம் கனடாக்காரங்களுக்கு கதை எழுதத் தெரியாதுன்னு இல்ல, காசுதான். ஒரு அமெரிக்க டிராமா எடுக்குற செலவுல பெரும்பகுதிய அங்க இருக்குற சேனல் விளம்பரத்துலயே எடுத்துடுவாங்க, வெளிநாட்டுக்கு விக்கிறது மேல் வருமானம், அதனால எடுத்த செலவுல ஒரு சின்ன பங்குக்கே கொடுத்துடலாம். கனடா சேனல்காரர் சொந்தமா எடுத்தா மொத்த செலவும் அவர் தலையில விழும், ஆனா பாக்குறதுக்கு அமெரிக்க ஜனத்தொகைல கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்குதான் ஆளு இருக்கு. ரூல்னு ஒண்ணு இல்லன்னா எந்த வியாபாரியும் ரெடிமேடா கிடைக்கிறதத்தான் வாங்கிப் போடுவார், அவர தப்பு சொல்லவும் முடியாது. அதனாலதான் 1959ல ரூல் அறிவிச்சு, 1961ல ஒளிபரப்பு நேரத்துல 45 சதவீதம் கனடா நிகழ்ச்சி, 1962ல 55 சதவீதம்னு கொண்டுவந்தாங்க. 1968ல டிவி, ரேடியோவுக்கு லைசென்ஸ் கொடுத்து ரூல் போடுற சிஆர்டிசிங்கற அமைப்பு வந்துச்சு, 1970ல அது 60 ஆச்சு. அப்புறம் தனியார் சேனலுக்கு சாயங்காலம் ஆறு மணில இருந்து நடுராத்திரி வரைக்கும் 50ன்னு ஆச்சு, 2015ல பகல் நேர கோட்டாவ எடுத்தே விட்டுட்டாங்க, பிரைம் டைம் 50 மட்டும் நிக்குது.

இப்ப உங்க பையன்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேளுங்க. இந்த ரூல்ல எங்கயாவது அரசாங்கத்த திட்டாதே, இந்த மதத்த பத்தி பேசாதே, இந்த கதைய எடுக்காதேன்னு இருக்கா? இல்ல. பிரதமர கிழிச்சு தொங்கவிடுற நிகழ்ச்சியும் கனடா ஆள் எடுத்தா கணக்குல வரும், அவர புகழ்ற நிகழ்ச்சியும் வரும். யார் எடுத்தாங்கன்னுதான் கேக்குறாங்க, என்ன சொன்னாங்கன்னு கேக்கல. 1991ல வந்த பிராட்காஸ்டிங் ஆக்ட்லயே பேச்சுரிமையும் சேனலோட சுதந்திரமும் கெடாத மாதிரிதான் இந்த சட்டத்த புரிஞ்சுக்கணும்னு எழுதி வச்சிருக்கு. அமெரிக்க நிகழ்ச்சிய யாரும் தடை பண்ணல, மிச்ச நேரத்துல தாராளமா போடலாம், போடுறாங்க, பஃபலோ ஸ்டேஷனே கேபிள்ல வருது. வெள்ளையா விட்ட பேப்பர்ல அப்படியா? அங்க எழுதுன ஆள் இருந்தான், வார்த்தை இருந்துச்சு, ஒரு ஆபிசர் வந்து எடுத்துட்டான்.

ஆனா நான் சிஆர்டிசிக்கு வக்காலத்து வாங்க வரல, இதையும் சொல்லியாகணும். 2004 ஜூலை மாசம் ஒண்ணே போதும். கியூபெக் சிட்டில சிஎச்ஓஐன்னு ஒரு எஃப்எம் ஸ்டேஷன், அதுல பேசுறவங்க ஆளுங்கள ரொம்ப கேவலமா பேசுறாங்கன்னு புகார் வந்து லைசென்ஸ புதுப்பிக்க மாட்டோம்னுட்டாங்க, ஆயிரக்கணக்குல ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. அதே மாசம் அரபி மொழி அல் ஜசீராவுக்கு அனுமதி கொடுத்தாங்க, ஆனா ஒரு நிபந்தனை, கேபிள் கம்பெனிக்காரங்களே நிகழ்ச்சிய கண்காணிச்சு மோசமான பேச்ச வெட்டணும். இருபத்தி நாலு மணி நேரமும் ஆள் உக்காத்தி வெட்டுறதுக்கு எந்த கம்பெனி வரும்? யாரும் வரல. 2009ல அல் ஜசீரா இங்கிலீஷுக்கு அந்த நிபந்தனை இல்லாம அனுமதி கிடைச்சுது. அந்த பேச்சுல சிலது எனக்கும் பிடிக்காதுதான், ஆனா பேச்ச வச்சு லைசென்ஸ தொட்டாங்கல்ல, உங்க பையன் சென்சார்னு கத்துறதா இருந்தா கத்த வேண்டிய இடம் அதுதான்.

அதே ஜூலைல இன்னொண்ணும் நடந்துச்சு, இதுதான் கோட்டாவுக்கு ரொம்ப பக்கத்துல வர்ற கதை. இத்தாலியோட ராய் சேனல் நேரடியா கனடாவுக்கு வரணும்னு கேட்டுச்சு. இங்க ஏற்கனவே இத்தாலிய நிகழ்ச்சி போடுற ஒரு கனடா சேனல் இருக்கு, அதுக்கு போட்டியாயிடும்னு சிஆர்டிசி முடியாதுன்னுடுச்சு. இத்தாலிக்காரங்க விடல, கையெழுத்து வாங்குனாங்க, எம்பி வீட்டு வாசல்ல நின்னாங்க, அந்த வருஷ கடைசிலயே பிற மொழி சேனல்களுக்கான பாலிசிய தளர்த்தினாங்க, 2005ல ராய் வந்துச்சு. தன் தாய்மொழில செய்தி கேக்கணும்னு ஆசைப்படுற ஒரு வயசான அம்மாகிட்ட போய் உள்ளூர் சேனலோட வியாபாரத்துக்காக நீங்க பாக்கக்கூடாதுன்னு சொல்றத நான் எந்த காலத்துலயும் ஒத்துக்க மாட்டேன். சென்சார்ங்கற பேர் அதுக்கு பொருந்தாது, ஆனா அநியாயம்னு சொல்ல அந்த பேர் வேணும்னு இல்லையே. உள்ளூர் ஆளுக்கு இடம் ஒதுக்குறது வேற, வெளியூர் ஆள் வாசல்லயே நிக்கணும்னு சொல்றது வேற, இத ரெண்டையும் உங்க பையன் பிரிச்சு பாக்கட்டும்.

கேள்வி: மைத்ரேயி ராமகிருஷ்ணன் எங்க மிசிசாகா பொண்ணு. அவங்க நடிச்ச நெட்ஃபிளிக்ஸ் சீரிஸ் (நெவர் ஹேவ் ஐ எவர்) கனடா கணக்குல வருமா? வரலைன்னா அந்த கணக்கே தப்பு இல்லையா?
(மிசிசாகா வாசகர் ஒருவர்)

பதில்: வராது தம்பி. அது அமெரிக்க கம்பெனி அமெரிக்காவுல எடுத்த சீரிஸ். பல்லாயிரம் பேர்ல இருந்து நம்ம புள்ளைய பொறுக்கி எடுத்தாங்க, 2020ல உலகமே பாத்துச்சு, நமக்கெல்லாம் நெஞ்சு நிறைஞ்சுது, ஆனா அந்த கணக்குல அதுக்கு இடம் இல்ல.

பல வருஷமா இருந்த கணக்கு எப்படின்னா, மொத்தம் பத்து பாயிண்ட். டைரக்டர் கனடாக்காரரா இருந்தா 2, ஸ்கிரிப்ட் எழுதுறவருக்கு 2, முதல் நடிகருக்கு 1, ரெண்டாவது நடிகருக்கு 1, கேமரா, எடிட்டிங், மியூசிக், ஆர்ட் டிசைன் ஒவ்வொண்ணுக்கும் 1. ஆறாவது வரணும், டைரக்டர் எழுத்தாளர்ல ஒருத்தராவது, ரெண்டு பெரிய நடிகர்ல ஒருத்தராவது கனடாக்காரரா இருக்கணும், எல்லாத்துக்கும் மேல புரொடியூசர் கனடா ஆளா இருக்கணும், செலவுல முக்காவாசி கனடா ஆளுங்களுக்கு போகணும். இதுல மாட்டுனது நம்ம பொண்ணோட சீரிஸ் மட்டும் இல்ல. மார்கரெட் அட்வுட்ட விட பெரிய கனடா எழுத்தாளர் யார் இருக்காங்க, அவங்களோட தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் நாவல வச்சு டொராண்டோ பக்கத்துலயே எடுத்த அந்த பிரபலமான அமெரிக்க சீரிஸும் கனடா நிகழ்ச்சி இல்ல, ஏன்னா புரொடியூசர் அமெரிக்கா. ரேடியோல 1991ல பிரையன் ஆடம்ஸுக்கே நடந்துச்சு, ஒரு வெளிநாட்டுக்காரரோட சேர்ந்து எழுதுனதால அவர் பாட்டு கனடா பாட்டு இல்லன்னு ஆயிடுச்சு, பெரிய கோவம் வந்து அப்புறம் ரூலையே மாத்துனாங்க.

இதுக்கு ஒரு நியாயம் இருக்கு, இல்லாம இல்ல. அவங்க காப்பாத்த நினைக்கிறது இங்க வேலை செய்யுற ஆளுங்களையும், படைப்போட சொத்துரிமை இங்கயே தங்கணும்கிறதையும். அமெரிக்க கம்பெனி இங்க வந்து எடுத்துட்டு போனா லைட்பாய்க்கு கூலி கிடைக்கும், ஆனா அடுத்த சீரிஸ யாரு எடுக்குறது, எந்த கதைன்னு முடிவு பண்றது லாஸ் ஏஞ்சலஸ்லதான். அது எனக்கு புரியுது. ஆனா கனடா கதைங்கற வார்த்தைய பேப்பர்ல பெருசா எழுதி வச்சுட்டு, கதைக்கு ஒரு பாயிண்ட் கூட கொடுக்காம விட்டது எனக்கு இன்னிக்கு வரைக்கும் மனசு ஒப்பல. மால்டன்லயோ ஸ்கார்பரோலயோ வளந்த ஒரு தமிழ் புள்ளையோட வாழ்க்கைய உண்மையா சொல்ற கதை எவ்ளோ கனடா கதை! அதுக்கு ஏதாவது எடை இருக்கணும்.

கேள்வி: கோட்டா வச்சு கட்டாயப்படுத்தி எடுத்ததுல உருப்படியா ஏதாவது வந்திருக்கா?
(ஓட்டாவா வாசகர் ஒருவர்)

பதில்: வந்திருக்கு. 1980ல எஸ்சிடிவின்னு ஒரு காமெடி நிகழ்ச்சிகிட்ட சிபிசி ரெண்டு நிமிஷம் கூடுதலா கனடா விஷயம் வேணும்னு கேட்டுச்சு. அந்த டீம் கடுப்பாகி, தொப்பி போட்ட ரெண்டு அண்ணன் தம்பி பீர் பாட்டிலோட உக்காந்து வெட்டிப்பேச்சு பேசுற மாதிரி ஒரு ஐட்டம் பண்ணாங்க, பாப் அண்ட் டக் மெக்கன்சி. அதுதான் மொத்த நிகழ்ச்சிலயே பெரிய ஹிட்டாகி, ரெக்கார்டு போட்டு, 1983ல சினிமாவே எடுத்தாங்க. நம்ம காலத்துல ஷிட்ஸ் கிரீக் 2020ல ஒரே ராத்திரியில காமெடி பிரிவு எம்மி விருது ஏழையும் அள்ளிச்சு, மொத்தம் ஒம்பது, அதுவும் சிபிசி நிகழ்ச்சிதான்.

ஆனா நேரத்த மட்டும் எண்ணுனா என்ன ஆகும்னும் பாத்துட்டோம். ஐம்பது சதவீதம்னா நியூஸ், விளையாட்டு, பேச்சு நிகழ்ச்சின்னு மலிவா எதாவது போட்டு நேரத்த ரொப்பிடலாம். 1999ல செலவு பண்ணணும்கிற நிபந்தனைய தளர்த்துனதும் இங்கிலீஷ் டிராமா சரசரன்னு குறைஞ்சு, நடிகர் எழுத்தாளர் சங்கங்க எல்லாம் தெருவுல நின்னாங்க. அப்புறம் 2010ல பெரிய குரூப் எல்லாம் வருமானத்துல 30 சதவீதத்த கனடா நிகழ்ச்சிக்கு செலவு பண்ணணும்னு கொண்டுவந்தாங்க. மணிக்கணக்க விட காசுக்கணக்கு மேல்னு நான் அதனாலதான் சொல்றேன்.

கேள்வி: கியூபெக்கிலயும் இந்த சண்டை இருக்கோ?
(மொன்றியல் வாசகி ஒருவர்)

பதில்: இங்கிலீஷ் பக்கம் அளவுக்கு இல்லம்மா. அங்க பிரெஞ்சு மொழியே வேலியா நிக்குது, ஜனங்களே அவங்க ஊர் சீரியலத்தான் தேடிப் பாக்குறாங்க, அமெரிக்க டப்பிங் அதுக்கு கிட்ட வர முடியல.

கேள்வி: நான் தமிழ்ல சமையல் யூடியூப் சேனல் வச்சிருக்கேன். 2023ல வந்த புது சட்டத்தால சிஆர்டிசி என் வீடியோவ கட்டுப்படுத்துமா? பயமா இருக்கு.
(பிராம்ப்டன் வாசகி ஒருவர்)

பதில்: நீங்க சொல்றது சி-11, ஆன்லைன் ஸ்ட்ரீமிங் ஆக்ட், 2023 ஏப்ரல் 27ல சட்டமாச்சு. உங்க பயம் உங்களுக்கு மட்டும் வந்தது இல்ல, மார்கரெட் அட்வுட்டே வெளிப்படையா எதிர்த்தாங்க, அப்ப செனட்டரா இருந்த நாவலாசிரியர் டேவிட் ஆடம்ஸ் ரிச்சர்ட்ஸும் எழுந்து நின்னு பேசுனாரு. செனட் சாதாரண ஆளுங்க வீடியோவுக்கு சட்டத்துலயே தெளிவா பாதுகாப்பு போடுங்கன்னு ஒரு திருத்தம் அனுப்புச்சு, அரசாங்கம் அத ஏத்துக்கல. அது தப்புன்னு அன்னிக்கும் நினைச்சேன், இன்னிக்கும் நினைக்கிறேன். ஏன்னா அப்புறமா 2023 நவம்பர்ல கேபினட் உத்தரவு ஒண்ணு போட்டு, சோஷியல் மீடியா கிரியேட்டர்ஸ் மேல ரூல் போடாதீங்கன்னு சிஆர்டிசிக்கு சொன்னாங்க, நல்லதுதான், ஆனா கேபினட் உத்தரவ அடுத்து வர்ற கேபினட் மாத்திடலாம், சட்டத்த மாத்த பார்லிமென்ட் வேணும்.

இப்போதைக்கு உங்கள யாரும் தொட மாட்டாங்க. நீங்க லைசென்ஸ் வாங்க வேண்டாம், ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம், அது வருஷத்துக்கு கனடாவுல 1 கோடி டாலருக்கு மேல வருமானம் பாக்குற கம்பெனிகளுக்கு. 2024 ஜூன்ல சொன்ன 5 சதவீத பங்கு 2.5 கோடி டாலருக்கு மேல பாக்குறவங்களுக்கு, அதையும் அந்த கம்பெனிங்க கோர்ட்டுக்கு கொண்டு போனாங்க.

நீங்க கவனிக்க வேண்டியது வேற. கனடா படைப்ப ஜனங்க கண்ணுல படுற மாதிரி வைக்கணும்னு பிளாட்ஃபார்முக்கு சொல்லுற அதிகாரம் அந்த சட்டத்துல இருக்கு. இந்த அல்காரிதம்தான் போடணும்னு சிஆர்டிசி உத்தரவு போட முடியாதுன்னு சட்டமே சொல்லுது, ஆனா ரிசல்ட் இப்படி வரணும்னு கேக்கலாம். டிவில ஒரு நாளைக்கு இருபத்தி நாலு மணி நேரம்தான், அங்க இடம் ஒதுக்குனா புரியுது. யூடியூப்ல ஒருத்தர தூக்கி மேல வச்சா இன்னொருத்தர் கீழ போவாங்க, உங்க பாயிண்ட் கணக்குக்கு சர்டிஃபிகேட் வாங்க உங்ககிட்ட ஆபிசும் கிடையாது வக்கீலும் கிடையாது. உங்க குழம்பு வீடியோவ பாக்குறவங்க பாதி பேர் சென்னைலயும் யாழ்ப்பாணத்துலயும் லண்டன்லயும் இருப்பாங்க, மத்த நாடும் இதே மாதிரி ரூல் போட ஆரம்பிச்சா அங்க நீங்கதான் வெளியூர் ஆள். இத நான் சென்சார்னு சொல்ல மாட்டேன், ஆனா டிவிக்கு தச்ச சட்டைய உங்களுக்கு போட்டுவிடுறாங்கன்னு சொல்வேன்.

ஒண்ணு பண்ணுங்க. சிஆர்டிசி இந்த சட்டத்துல ஒவ்வொரு முடிவுக்கு முன்னாடியும் பொதுமக்கள்கிட்ட கருத்து கேக்குது, அவங்க வெப்சைட்ல போய் யார் வேணும்னாலும் எழுதலாம், வக்கீல் வேண்டாம், ஒரு பக்கம் போதும். பெரிய கம்பெனிங்க நூறு நூறு பக்கமா எழுதி அனுப்புது. என் சேனல் இப்படி, என் பார்வையாளர் இந்த ஊர்ல எல்லாம் இருக்காங்க, இந்த ரூல் வந்தா எனக்கு இது நடக்கும்னு எழுதுங்க. இங்கிலீஷ் சரியா வரலையேன்னு தயங்காதீங்க, எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, நான் பாத்து திருத்தித் தர்றேன்.