பதினேழு வயது மகள் நேபாளத்தில் ஒரு மாதம்: காப்பகமா, கிராமத்து வீடா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஒரு மாதம் நேபாளத்தில் தன்னார்வலராக இருந்துவிட்டு வர ஆசைப்படுகிறாள். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒன்று பொக்காராவில் ஒரு குழந்தைகள் காப்பகம், அங்கேயே தங்கிக்கொள்ளலாம். இன்னொன்று லம்ஜுங் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். முன்பின் தெரியாத வீட்டைவிடக் காப்பகம்தான் பாதுகாப்பு என்கிறார் அவள் அப்பா. எங்கே அனுப்புவது?
– ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: காப்பகம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

நேபாளத்தில் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ, சிலருக்கு இருவருமே, உயிரோடு இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களிலிருந்து, 'பட்டணத்தில் படிக்க வைக்கிறோம்' என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்து வந்தார்கள் தரகர்கள். அப்படி வந்த பலர் அனாதை என்ற பெயரில் இல்லங்களில் சேர்க்கப்பட்டார்கள். இல்லங்கள் எங்கே அதிகம் என்று பாருங்கள்: காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன். எல்லாமே சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தன்னார்வலர் கட்டும் பணம் இருக்கும்வரை, அந்தக் குழந்தை வீடு திரும்பாமல் இருப்பதில் யாரோ ஒருவருக்கு லாபம் இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2019-இல் குழந்தை உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்திலேயே, காப்பகத் தன்னார்வப் பணியால் வரும் ஆபத்தைச் சொல்லியிருக்கிறது. நல்ல இல்லங்களும் இருக்கலாம்தான். ஆனால் பிள்ளைகள் மீது அக்கறை உள்ள இல்லம், மாதம் ஒரு புது முகத்தைக் குழந்தைகளோடு ஒரே கூரையின் கீழ் தங்க அனுமதிக்காது. உங்கள் மகள் அன்பாகத்தான் இருப்பாள். அந்த அன்பு முப்பதாவது நாள் பஸ் ஏறிப் போய்விடும் என்பதுதான் அந்தக் குழந்தைகளுக்குச் சிக்கல்.

பள்ளி அப்படி இல்லை. மாலையானால் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவளைத் தனியாக ஒரு வகுப்பில் நிறுத்தக் கூடாது, ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் துணையிருப்பது, நூலகத்தை ஒழுங்கு செய்வது, விளையாட்டு: ஒரு மாதத்துக்கு இது போதும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். 'முன்பின் தெரியாத வீடு' என்ற அவள் அப்பாவின் பயம் நியாயமானது. அந்த வீட்டைத் தெரிந்த வீடாக ஆக்கிக்கொள்வதுதான் உங்கள் இருவரின் வேலை. நேபாளத்தில் ஹோம்ஸ்டே புதிய சமாச்சாரம் இல்லை. சியாங்ஜா மாவட்டத்தின் சிருபாரி கிராமத்தில் 1997-லேயே தொடங்கியது. 2010-இல் அரசு இதற்கு விதிமுறை கொண்டுவந்தது. ஊர் சேர்ந்து நடத்தும் ஹோம்ஸ்டேயில் குறைந்தது ஐந்து வீடுகள் இருக்க வேண்டும். யார் வீட்டில் யார் தங்குவது என்பதை ஊர்க் கமிட்டி பார்த்துக்கொள்ளும். அப்படிப் பதிவான ஊர் என்றால் பாதிக் கவலை குறையும், ஏனென்றால் உங்கள் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும்.

ஏற்பாடு செய்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த வீட்டில் இரவில் யார் யார் தூங்குகிறார்கள்? அவளுக்குத் தனி அறை உண்டா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? இதற்கு முன் அங்கே தங்கிய பெண்ணின் வீட்டாரோடு பேச முடியுமா? நாம் கட்டும் பணத்தில் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது? பிடிக்கவில்லை என்றால் அன்றிரவே மாறிக்கொள்ள வேறொரு வீடு தயாராக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் தேவைப்படாது' என்று பதில் வந்தால் அந்த ஏற்பாட்டை விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மகளிடம் நீங்களே மனம்விட்டுப் பேச வேண்டும். மாதவிடாய் நாட்களில் வீட்டுக்கு வெளியே குடிசையில் ஒதுக்கி வைக்கும் சௌபடி வழக்கம் நேபாளத்தின் மேற்குக் கோடியில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. 2018 முதல் அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. லம்ஜுங்கில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனாலும் சில வீடுகளில் அந்த நாட்களில் அடுப்பங்கரைக்கும் பூஜை அறைக்கும் வர வேண்டாம் என்பார்கள். நம் ஊரிலும் பார்த்ததுதானே. அதை ஏற்பதா மறுப்பதா என்பது அவள் முடிவு. போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால், அங்கே போய் முகம் வாடி நிற்க வேண்டியிருக்காது.

மற்றபடி நம் பிள்ளைகளுக்கு அந்த வீடுகள் சீக்கிரம் பழகிவிடும். எச்சில் பார்ப்பது அங்கும் உண்டு, 'ஜூட்டோ' என்பார்கள்; சாப்பிட்ட கையால் கரண்டியைத் தொடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை பத்து மணி வாக்கில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை சோறும் பருப்பும். 'புக்யோ', அதாவது போதும், என்ற சொல்லை முதல் நாளே கற்றுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் அழைத்துப் போன ஒரு பெண், முதல் இரண்டு நாள் சாப்பிட்டதும் நன்றி சொல்லிவிட்டு அறைக்குள் போனில் மூழ்கிவிட்டாள். மூன்றாம் நாள் காலை அந்த வீட்டு ஆமா (அம்மாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் காதுக்குச் சம்மதம் சொல்வதுபோல் கேட்கும்) திண்ணையில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டியிடம் பார்த்த பழக்கத்தில், ஆள்காட்டி விரலால் அரிசியை ஒதுக்கி ஒதுக்கிப் பொறுக்க ஆரம்பித்தாள். பேச மொழி இல்லை. ஆமா அவள் விரலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முறத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து அவள் விருந்தாளி இல்லை. உங்கள் மகளிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: வீட்டில் யாராவது ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தால், போய்ப் பக்கத்தில் உட்கார்.

எப்போது அனுப்புவது? பரீட்சை முடிந்த கையோடு வேண்டாம். நமக்குச் சித்திரை பிறக்கும் ஏப்ரல் நடுவில்தான் அங்கும் புத்தாண்டு, கல்வியாண்டும் அதையொட்டியே தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் பள்ளி மூடியிருக்கும். ஏப்ரல் கடைசியில் போய் மே கடைசிக்குள் திரும்பிவிடட்டும்; ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் மலைச் சாலைகளில் மண்சரிவுதான்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் அவள் வயதில் ஆதாரை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது, பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60 ரூபாய். கடையில் விலை சொன்னால் ஐசியா என்சியா, அதாவது இந்தியப் பணமா நேபாளப் பணமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் ஒரு மாதம் முன்பே பேசுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். குழந்தைகள் உதவி எண் நம் ஊரைப் போலவே அங்கும் 1098, போலீஸ் 100.

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு வேலை. ஏற்பாடு செய்பவரை வைத்துக்கொண்டு அந்த வீட்டு ஆமாவோடு வீடியோ அழைப்பில் பேசுங்கள். அவள் அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் யாராவது இந்தி பேசுவார்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெண்ணுக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள். அவர் வீட்டையும் அறையையும் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் டிக்கெட் எடுக்க வேண்டாம்.