சாம்பல்ல பூக்குமா?

கடிதம்:

அக்கா, அமெரிக்காவுல செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில நடந்துட்டு வந்தத நீங்க எழுதியிருந்தத படிச்சேன். சாம்பல் மேட்டுல ஊதாப்பூ பூத்திருந்துச்சுன்னு சொல்லியிருந்தீங்க. எனக்கு எண்ணூர். அனல் மின் நிலையத்து சாம்பல் பைப் உடைஞ்சு நிலக்கரி சாம்பல் ஓடி ஆத்தங்கரையெல்லாம் சிமெண்ட் பூசின மாதிரி கெடக்கு. அந்தப் பூ விதைய வாங்கி இங்க தூவினா முளைக்குமா? நெஜமாவே கேக்குறேன்.

பதில்:

தம்பி, உங்க கடிதம் ரெண்டு நாளா மனசுலயே ஓடிட்டு இருந்துச்சு. நான் தண்டையார்பேட்டைல பொறந்து வளந்தவ, அந்த மலைல கால் வெச்சதும் எனக்கு ஞாபகம் வந்ததே நம்ம முகத்துவாரம்தான்.

நான் போனது 2019 ஜூலை கடைசில, போர்ட்லேண்ட்ல இருக்குற பையன் கூட்டிட்டுப் போனான். விண்டி ரிட்ஜ்ல கார விட்டுட்டு நடந்தோம், ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது, வெயில் நம்ம ஊர் மாதிரி மண்டையப் பொளக்குது. 1980 மே 18 வெடிச்சதுல மலையோட உச்சி 400 மீட்டர் காணாம போச்சு, 57 பேர் செத்தாங்க, அன்னிக்கு சாஞ்ச மரங்க இன்னமும் ஸ்பிரிட் ஏரில கூட்டமா மிதக்குது. கீழ இருந்து ஒரு கல்ல எடுத்தேன், குதிகால் தேய்ப்போமே அந்தக் கல்லேதான், கைல கனமே இல்ல. அதுக்கு நடுவுல நீங்க கேட்ட அந்த ஊதாப்பூ, பேரு லூபின். இலை விரிச்ச கை மாதிரி, மேல சாம்பல் நிறத்துல மெத்துனு ரோமம், பூ அவரைப்பூ சாயல்ல ஊதாவும் நீலமும். தூரத்துல எல்க் மான் கூட்டம் ஒண்ணு மேஞ்சிட்டு இருந்துச்சு.

அந்த வெறும் கல்லுல முதல்ல வந்த செடி லூபின்தான், ஏன்னா அது அவரைக் குடும்பம், வேர் முடிச்சுல இருக்குற பாக்டீரியா காத்துல இருக்குற நைட்ரஜனயே உரமாக்கிக் குடுத்துரும். இன்னொண்ணு, கோஃபர்னு எலி மாதிரி ஒரு பிராணி, மண்ணுக்கடில இருந்ததால கொஞ்சம் தப்பிச்சுது, அது வளை தோண்டி பழைய மண்ண சாம்பல் மேல தள்ளுச்சு. 1983ல விஞ்ஞானிங்க ரெண்டு இடத்துல ஒரே ஒரு நாள் கோஃபர விட்டுப் பாத்தாங்க, ஆறு வருஷத்துல அங்க 40,000 செடி.

இப்ப உங்க கேள்வி. முளைக்காது தம்பி. அது குளிர் மலைச் செடி, நம்ம வெக்கைய தாங்காது. நம்ம ஊர்லயே கொளுஞ்சி இருக்கே, அதுவும் அதே குடும்பம், அதே வேலைய செய்யும், பூவும் ஊதாதான். ஆனா அதக்கூட அங்க தூவுங்கன்னு எனக்கு சொல்ல வாய் வரல. எரிமலை சாம்பல்ங்கிறது கல்லும் கண்ணாடியும் பொடியானது. நிலக்கரி சாம்பல்ல ஆர்செனிக், ஈயம், பாதரசம்லாம் இருக்கும், முளைக்கிற செடிய ஆடு மேயும், அது சுத்தி நம்ம வயித்துக்கே வரும். அதவிட, அந்த மலை பெருசா கொட்டினது ஒரு நாள், 1982ல அந்த இடத்த சட்டம் போட்டு இயற்கை கைல விட்டுட்டாங்க, நாங்க நடந்தப்போ பாதைய விட்டு ஒரு அடி தள்ளி வைக்கக்கூட அனுமதி இல்ல. இங்க கொட்டுறது நிக்கவே இல்லியே. மொதல்ல பைப்ப மாத்தணும், கெடக்குற சாம்பல அள்ளணும், விதையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஒரு உதவி பண்ணுங்க. அந்தச் சாம்பல் திட்டோட ஓரத்துல உமரி, அதான் உப்பு மண்ணுல தானா வளருமே அந்தச் செடி, ஏதாவது தலை தூக்கியிருக்கான்னு பாத்து, இருந்தா கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.